பிள்ளைக்கு இருமல் மருந்து கொடுக்கும் முன் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

பிள்ளைக்கு இருமல் என்றால் சிங்கப்பூரில் நம் வீடுகளில் மூன்று பாட்டில் மேசைக்கு வந்துவிடும். கிளினிக்கில் டாக்டர் கொடுத்தது ஒன்று, அடுக்குமாடிக்குக் கீழே உள்ள மருந்துக்கடையில் வாங்கிய சளி-இருமல் சிரப் ஒன்று, ஊரிலிருந்து பாட்டி பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது ஒன்று. மூன்றுக்கும் வெவ்வேறு பெயர், வெவ்வேறு நிறம். பின்பக்கம் திருப்பிச் சிறிய எழுத்தைப் படித்தால் மூன்றிலும் மூக்கொழுகலுக்கான குளோர்ஃபெனிரமின் இருக்கலாம், இரண்டில் பாராசிட்டமால் இருக்கலாம். ஒவ்வொரு பாட்டிலிலும் அளவு சரியாகத்தான் இருக்கும். மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும்போதுதான் பிள்ளைக்கு ஆபத்து. அதனால் மருந்தின் பெயரை விட்டுவிட்டு, அதில் கலந்திருக்கும் பொருளின் பெயரைப் படிக்கப் பழகுங்கள். கீழே சொல்வதெல்லாம் அந்தப் பழக்கத்தைச் சுற்றித்தான்.

வயது முதலில்

2 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குக் கடையில் வாங்கும் இருமல், சளி மருந்து வேண்டாம். இதில் பேரம் இல்லை. 2008-இல் அமெரிக்காவில் தயாரிப்பாளர்களே 4 வயதுக்குக் கீழ் கொடுக்காதீர்கள் என்று லேபிளை மாற்றினார்கள். பிரிட்டன் 2009-லும் ஆஸ்திரேலியா 2012-லும் அந்த எல்லையை 6 வயதுக்கு உயர்த்தின. காரணம் எளிது. சிறு பிள்ளைகளின் சளி இருமலுக்கு இந்த மருந்துகள் வெறும் இனிப்புத் தண்ணீரைவிட மேலாக வேலை செய்வதாக ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை. பக்கவிளைவுகளோ நிரூபணமானவை.

எனவே வீட்டுக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: 6 வயது வரை நாமாக இருமல் மருந்து வாங்குவதில்லை. டாக்டர் பார்த்துக் கொடுத்தால் அது வேறு விஷயம். 6 வயதுக்கு மேல் லேபிளில் சொன்ன அளவுக்குள், ஒரே ஒரு மருந்து. கோடீன் கலந்த இருமல் மருந்து 12 வயதுக்குக் கீழ் எந்தப் பிள்ளைக்கும் கூடாது. சிலருடைய உடல் கோடீனை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும். அந்தப் பிள்ளைக்கு வழக்கமான அளவே மூச்சை மந்தமாக்கப் போதும். யாருடைய உடல் அப்படிப்பட்டது என்று வெளியில் இருந்து தெரியாது. அண்ணனுக்கோ அப்பாவுக்கோ கிளினிக்கில் கொடுத்த பாட்டிலில் 'கொஞ்சமாக' ஊற்றித் தம்பிக்குக் கொடுப்பது ஆபத்து என்பது இதனால்தான்.

பின்பக்கத்தில் என்ன படிக்க வேண்டும்

இருமலை அடக்கும் பொருள் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன். வறட்டு இருமலுக்கு மட்டும். நெஞ்சில் சளி கட்டியிருக்கும்போது இருமலை அடக்கினால் சளி உள்ளேயே தங்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இதை நாமாகக் கொடுக்கவே கூடாது.

சளியை இளக்கும் வகையில் குவாய்ஃபெனெசின், ப்ரோம்ஹெக்சின், அம்ப்ராக்ஸால், கார்போசிஸ்டீன் என்று பல. அடக்கும் மருந்தும் இளக்கும் மருந்தும் ஒரே பாட்டிலில் இருந்தால் அதை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். ஒன்று சளியை வெளியே வரச் சொல்கிறது, மற்றது வழியை அடைக்கிறது.

மூக்கொழுகலுக்கும் தூக்கத்துக்கும் உள்ளவை குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின், புரோமெத்தசின். வீட்டில் இரட்டிப்பாகிவிடும் பொருள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். பெயர் வேறு என்றாலும் மூன்றும் ஒரே குடும்பம். கிளினிக் மருந்தில் ஒன்றும் கடை மருந்தில் இன்னொன்றும் இருந்தாலும் அது இரட்டை அளவுதான். அதிகமானால் பிள்ளை அசந்து கிடக்கும். சில பிள்ளைகள் அதற்கு நேர்மாறாகத் தூங்காமல் கத்தி, படபடத்து, இல்லாததைப் பார்த்துப் பயப்படும். புரோமெத்தசின் 2 வயதுக்குக் கீழ் மூச்சையே நிறுத்தக்கூடும். விமானப் பயணத்தில் பிள்ளை தூங்கட்டும் என்று இவற்றைக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

மூக்கடைப்புக்கு உள்ளவை சூடோஎஃபெட்ரின், ஃபினைலெஃப்ரின். இதயத்துடிப்பைக் கூட்டும், தூக்கத்தைக் கெடுக்கும். கடைசியாகப் பாராசிட்டமால். 'சளி, காய்ச்சல், இருமல்' மூன்றுக்கும் என்று எழுதிய மருந்தில் இது இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அதைக் கொடுத்துவிட்டுக் காய்ச்சலுக்குத் தனியாகவும் பாராசிட்டமால் கொடுப்பவர்கள் நிறைய.

சிங்கப்பூரில் கிளினிக்கிலேயே டாக்டர் மருந்தையும் கொடுத்துவிடுவதால் ஒரு சிக்கல் உண்டு. பெரிய பாட்டிலில் இருந்து சிறிய பாட்டிலுக்கு மாற்றி, அச்சிட்ட ஒட்டுத்தாள் ஒட்டித் தருவார்கள். அதில் மருந்தின் பெயர் ஒரு வரியில் சுருக்கமாக இருக்கும். முகப்பில் இருப்பவரிடம், "இதில் என்னென்ன மருந்து இருக்கிறது, எழுதித் தாருங்கள். திறந்தபின் எத்தனை நாள் வைத்திருக்கலாம்?" என்று கேட்டு வாங்குங்கள். பிறகு கடைக்குப் போக நேர்ந்தால் அந்தப் பாட்டிலைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போய் மருந்தாளரிடம் காட்டுங்கள். மருந்துக்கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் மருந்தாளர் இருப்பதில்லை. காசாளரிடம் கேட்டு வாங்காமல், மருந்தாளர் இருக்கும் நேரம் பார்த்துப் போங்கள்.

பிள்ளைக்கு ஜி6பிடி குறைபாடு (சில மருந்துகளால் இரத்தச் சிவப்பணுக்கள் உடையும் பிறவிக் குறைபாடு) இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள். இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்குப் பிறந்தவுடனேயே இந்தச் சோதனை நடக்கிறது. முடிவு மருத்துவப் புத்தகத்தில் இருக்கும்.

அளவு: எடை, செறிவு, ஊசியில்லாத சிரிஞ்சு

காய்ச்சலும் இருமலும் சேர்ந்து வரும்போது பெற்றோர் தவறும் இடம் இதுதான். பாராசிட்டமாலின் அளவு, பிள்ளையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, 24 மணி நேரத்தில் நான்கு தடவைக்கு மேல் போகக்கூடாது. 12 கிலோ பிள்ளைக்கு ஒருவேளைக்கு 120 முதல் 180 மி.கி. இதுவரை யாரும் தவறுவதில்லை. அதை மி.லி.யாக மாற்றும்போதுதான் தவறு.

கடையில் குழந்தைகளுக்கான பாராசிட்டமால் மூன்று செறிவுகளில் கிடைக்கிறது. 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ளது ஒன்று. 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ளது இன்னொன்று. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். அதே 12 கிலோ பிள்ளைக்கு முதல் பாட்டிலில் 5 முதல் 7.5 மி.லி., இரண்டாவதில் சுமார் 2.5 முதல் 3.5 மி.லி., சொட்டு மருந்தில் 1.2 முதல் 1.8 மி.லி.தான். 'குழந்தைக்கு உள்ளது, அதனால் லேசானது' என்று நினைத்துச் சொட்டு மருந்தை 5 மி.லி. கொடுத்தால் 500 மி.கி. உள்ளே போய்விட்டது. பெரியவர்கள் விழுங்கும் ஒரு முழு மாத்திரை அது. தேவையைப் போல மூன்று நான்கு மடங்கு.

வீட்டுக் கரண்டியை மறந்துவிடுங்கள். காப்பி கலக்கும் கரண்டி ஒரு வீட்டில் 3 மி.லி. பிடிக்கும், அடுத்த வீட்டில் 7 பிடிக்கும். மருந்துக்கடையில் வாய்வழி சிரிஞ்சு விற்கிறார்கள், 5 மி.லி. ஒன்றும் 1 மி.லி. ஒன்றும் வாங்கி வையுங்கள். பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள், ஏனென்றால் அடியில் படிந்திருக்கும் மருந்து குலுக்காவிட்டால் கடைசி நாட்களில் கெட்டியாக வந்து சேரும். சிரிஞ்சை இழுத்தபின் நுனியை மேலே பிடித்து விரலால் சுண்டி, காற்றுக் குமிழியை வெளியே தள்ளிவிட்டு, கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து கறுப்பு அடைப்பின் மேல் விளிம்பு எந்தக் கோட்டில் இருக்கிறது என்று பாருங்கள். பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, நுனியைக் கன்னத்தின் உட்பக்கம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். நாக்கின் நடுவே பீய்ச்சினால் புரையேறும். மூக்கைப் பிடித்து ஊற்றுவது அதைவிட மோசம். முழுப் பால் புட்டியில் கலக்கவும் வேண்டாம். பாதிப் பாலைக் குடித்துவிட்டுத் தூங்கினால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது.

கொடுத்த சிறிது நேரத்தில் பிள்ளை வாந்தி எடுத்தால் உடனே இன்னொரு தடவை கொடுக்காதீர்கள். எத்தனை நிமிடம் ஆயிற்று என்று குறித்துக்கொண்டு மருந்தாளரையோ கிளினிக்கையோ கேளுங்கள்.

யார் கொடுத்தது, எப்போது கொடுத்தது

காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அம்மா கொடுத்திருப்பார். அது தெரியாமல் பணிப்பெண் ஒன்பது மணிக்குக் கொடுப்பார். தாத்தா வந்து, 'பிள்ளை இருமுகிறதே' என்று இன்னொன்று. எல்லோரும் அன்பினால் செய்வது, யார் மேலும் குற்றம் இல்லை. குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டிப் பேனாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். நேரம், மருந்து, மி.லி., கொடுத்தவர் பெயர். எழுதிய பிறகுதான் பாட்டிலைத் திறப்பது, கொடுத்த பிறகு எழுதுவது இல்லை. பணிப்பெண் படிக்கும் மொழியிலும் மருந்தின் பெயரை ஒட்டி வையுங்கள்.

பிள்ளை குழந்தைப் பராமரிப்பு நிலையத்துக்குப் போவதாக இருந்தால், அங்கே கொடுக்க வேண்டிய மருந்தை டாக்டர் ஒட்டிய லேபிளோடு அப்படியே கொடுத்தனுப்புங்கள். வீட்டில் கடைசியாகக் கொடுத்த நேரத்தையும் எழுதிக் கொடுங்கள்.

மருந்து இல்லாமல் என்ன செய்யலாம்

சாதாரணச் சளி இருமலில் பாதிப் பிள்ளைகளுக்குச் சுமார் 10 நாளில் குறையும். பத்தில் ஒன்பது பேருக்கு 25 நாளுக்குள் போய்விடும். இந்த 25 என்ற எண்ணைப் பெற்றோர் தெரிந்துகொண்டாலே பாதி பாட்டில் வாங்க மாட்டார்கள். ஒருவாரம் ஆகியும் நிற்கவில்லையே என்ற பயத்தில்தான் இரண்டாவது மருந்து வீட்டுக்குள் வருகிறது.

ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குத் தேன் கொடுக்கலாம். 1 முதல் 5 வயது வரை 2.5 மி.லி., 6 முதல் 11 வயது வரை 5 மி.லி., படுக்கும் முன். பல் துலக்கிவிடுங்கள். ஒரு வயதுக்குக் கீழ் ஒரு சொட்டும் நாக்கில் தடவக்கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலினம் கிருமியின் வித்து, முதிராத குடலில் முளைத்துப் பிள்ளையின் தசைகளைச் செயலிழக்க வைக்கும். சீனக் கடைகளில் விற்கும் பெய் பா கோவிலும் தேன் உண்டு. கைக்குழந்தைக்கு அதுவும் ஆகாது.

மூக்கடைத்த குழந்தைக்கு 0.9 சதவீத உப்புநீர்ச் சொட்டு, ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு மூன்று சொட்டு, பால் குடிக்கும் முன்பும் தூங்கும் முன்பும். வெதுவெதுப்பான தண்ணீர், கஞ்சி, ரசம், எது இறங்குகிறதோ அது. குளிரூட்டியைப் பிள்ளையின் முகத்துக்கு நேராக வைக்காதீர்கள்.

பாட்டி வைத்தியத்தில் சிலவற்றைக் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். தேங்காய் எண்ணெயில் சூடத்தைக் காய்ச்சி நெஞ்சில் தடவுவது நமக்குப் பழக்கம். சூடம் சிறு பிள்ளையின் வாய்க்குள் போனால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். தோல் வழியாகவும் உடலில் ஏறும். 2 வயதுக்குக் கீழ் சூடமும் வேண்டாம், நெஞ்சில் தடவும் விக்ஸும் வேண்டாம். அதற்கு மேலும் மூக்கடியில் பூசாதீர்கள். கோடாலித் தைலத்தில் மெந்தால், யூகலிப்டஸ், கற்பூரத்தோடு மெத்தில் சாலிசிலேட்டும் இருக்கிறது, அது ஆஸ்பிரின் இனம். ஒரு குழந்தை அந்தச் சிறிய பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு குடித்தாலே உயிருக்கு ஆபத்து. அதைத் தலையணைக்கு அடியில் வைக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், மெதுவாகச் சொல்லி இடத்தை மாற்றுங்கள். வசம்பை உரைத்துக் கைக்குழந்தையின் நாக்கில் வைப்பதையும் நிறுத்துங்கள். கொதிநீர்ச் சட்டியும் துண்டுமாக ஆவி பிடிக்க வைப்பது வேண்டவே வேண்டாம். சட்டி மடியில் கவிழ்ந்தால் இருமலைவிடப் பெரிய துன்பம்.

ஆடாதொடை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ப்ரோம்ஹெக்சின் என்ற மருந்தே ஆடாதொடை இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளைப் பார்த்து உருவாக்கியதுதான். எனவே லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்கிய ஆடாதொடை மணப்பாகையும் கிளினிக் கொடுத்த ப்ரோம்ஹெக்சினையும் ஒன்றாகக் கொடுப்பது, ஒரே வேலைக்கு இரண்டு மருந்து கொடுப்பது. நாட்டு மருந்து கொடுப்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

ஊரிலிருந்து வரும் பாட்டில்

2025-இல் 'கோல்ட்ரிஃப்' என்ற இருமல் சிரப்பைக் குடித்த குழந்தைகள் மத்தியப் பிரதேசத்தில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான மருந்து அது. சோதனையில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது. அனுமதிக்கப்பட்ட எல்லை 0.1 சதவீதம். 2022-இல் காம்பியாவிலும் இந்தோனேசியாவிலும் குழந்தைகளைக் கொன்றதும் இதே வகை நச்சுதான். சிரப்புக்கு இனிப்பும் கெட்டித்தன்மையும் தரும் கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் போன்றவற்றின் இடத்தில், தொழிற்சாலைக்கான மலிவான சரக்கு கலந்துவிடுகிறது. நிறத்திலோ வாசனையிலோ சுவையிலோ வித்தியாசம் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது, விற்ற கடைக்காரருக்கும் தெரியாது.

ஊர்ப் பாசத்தில் வந்த பாட்டிலைத் தூக்கிப் போட மனம் வராது. ஆனாலும் பிள்ளைக்கு வேண்டிய சிரப்பை இங்கே பதிவான மருந்தாகவே வாங்குங்கள். சுகாதார அறிவியல் ஆணையத்தின் இணையப் பட்டியலில் பெயரைத் தட்டினால் பதிவு உண்டா என்று தெரியும். ஏதாவது சிரப் குடித்த பிள்ளைக்கு வாந்தியோடு சிறுநீர் குறைந்தாலோ நின்றாலோ, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

எப்போது டாக்டரிடம்

இருமலின் சத்தத்தைவிட மூச்சைக் கவனியுங்கள். பிள்ளை தூங்கும்போதோ அழாமல் இருக்கும்போதோ சட்டையைத் தூக்கி, வயிறு எழும்பி இறங்குவதை முழு 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது குழந்தைகளுக்கு ஒத்துவராது, அவர்கள் மூச்சு ஒரே சீராக இருக்காது. 2 மாதத்துக்குக் கீழ் 60, ஒரு வயது வரை 50, 5 வயது வரை 40. இந்த எண்ணை எட்டினால் அன்றே காட்ட வேண்டும். விலா எலும்புக்குக் கீழே மூச்சிழுக்கும்போது குழி விழுந்தால், மூக்குத் துவாரம் விரிந்தால், நாய் குரைப்பது போல இருமி மூச்சிழுக்கும்போது சத்தம் வந்தால், பால் குடிக்க முடியாமல் விட்டுவிட்டால், கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை அல்லது தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் சிறுவர் அவசரப் பிரிவுக்குப் போங்கள். உதடு நீலமானால் 995-இல் அவசர ஊர்தியை அழையுங்கள்.

3 மாதத்துக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் வந்தால் மருந்து கொடுத்துப் பார்க்காமல் நேரே மருத்துவமனை. நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று இருமத் தொடங்கினால் சற்று முன் என்ன சாப்பிட்டது என்று யோசியுங்கள். நிலக்கடலையோ முறுக்குத் துண்டோ மூச்சுக்குழாயில் சிக்கியிருந்தால் எந்தச் சிரப்பும் உதவாது. நான்கு வாரம் தாண்டிய இருமலைப் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) காட்டுங்கள்.

கூடுதலாகப் போய்விட்டால்

விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீரும் வேண்டாம். பிள்ளை எழுப்ப முடியாமல் கிடந்தாலோ மூச்சு மந்தமானாலோ வலிப்பு வந்தாலோ 995-ஐ அழையுங்கள். நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். பாராசிட்டமால் அதிகமானால் முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது, ஈரல் கெட்ட பிறகுதான் தெரியும். அதற்கான நச்சுமுறிவு மருந்தோ சீக்கிரம் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். மீதமுள்ள மருந்தை அளந்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாருங்கள். தரையில் சிந்தியதைக் கழிக்காமல், எல்லாம் வயிற்றுக்குள் போனதாகவே கணக்கு வையுங்கள். பாட்டில், மூடி, பிள்ளையின் எடை, குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிய அந்தத் தாள், இந்த நான்கோடு மருத்துவமனைக்கு வாடகை வண்டியில் ஏறுங்கள்.